விடுமுறையும் உரிமையே

“பெண்பிள்ளை சைக்கிள் விடுவதா? அப்பணத்தில் க்ஷேத்திர யாத்திரை போகலாகாதா?” என்றனர் எம் உறவினர். நாங்களோ, கணவனும் மனைவியுமாக, படுக்கை வசதியுள்ள மோட்டார் வண்டியில் குளுவாங் சென்றோம். இருவரும் சைக்கிள் மிதித்தோம். 510 மீட்டர் உயரமுள்ள லம்பாக் மலையில் நடந்தோம்.

1909-இல் திறக்கப்பெற்ற ஜொகூர் இருப்புப்பாதை இவ்வூர் வழியே செல்கின்றது. நீராவி வண்டிகள் ஓடிய காலத்தில் எங்கள் பாட்டன்மார் அவற்றில் ரப்பரை ஏற்றினர். உல்லாசமாய்த் தாம் ஏறினாரில்லை. இன்றோ, 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஓராண்டு உழைத்தவர்க்குச் சம்பளத்தோடு குறைந்தது 8 நாள் விடுமுறை உண்டு. அதனையும் திதிக்கும் திருவிழாவுக்குமே தொலைத்துவிட்டு, பெண்களை அடுப்படியிலேயே நிறுத்துவது நியாயமா? தோழர்களே, ஓய்வை இருபாலாரும் சரிநிகராய் நுகர்வதே சுயமரியாதை.