இஞ்சி கொஞ்சம் தூக்கல்

பி.காம். முடித்துவிட்டு இரண்டு வருஷம் வீட்டில் சும்மா இருந்திருக்கிறீர்களா? நான் இருந்திருக்கிறேன். சனிக்கிழமை தவறாமல் அப்பா ‘எம்ப்ளாய்மென்ட் நியூஸ்’ வாங்கிவந்து என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார். குத்திக்காட்டுகிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எனக்காவது இரண்டு வருஷம். டைரக்டர் ஆங் லீக்கு ஆறு!

தைவான்காரர். அப்பா பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர்; மகனோ கல்லூரி நுழைவுத்தேர்வில் இரண்டு முறை ஃபெயில். நியூயார்க்கில் சினிமா படித்து 1984-ல் வெளியே வந்தவருக்கு யாரும் படம் தரவில்லை. சமையல், பிள்ளை வளர்ப்பு என்று வீட்டோடு இருந்தார். சம்பாதித்துப் போட்டவர் விஞ்ஞானியான மனைவி. 1990-ல் தைவான் அரசு நடத்திய திரைக்கதைப் போட்டியில் முதல் பரிசு, இரண்டாம் பரிசு ரெண்டையும் தட்டினார். அப்புறம் ‘புரோக்பேக் மவுன்டன்’ (2005), நம்ம புதுச்சேரியிலும் எடுத்த ‘லைஃப் ஆஃப் பை’ (2012) என இரண்டு முறை சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர்.

ஜேன் ஆஸ்டின் கதை, மூங்கில் உச்சியில் வாள் சண்டை, கௌபாய் காதல், படகில் புலி... ஒரு படத்துக்கும் இன்னொன்றுக்கும் சம்பந்தமே இருக்காது. ஆனால், பெரும்பாலும் உள்ளே இருப்பது ஒரே ஆள்தான். மனசில் உள்ளதைச் சொல்லத் தெரியாத மனுஷன்.

1994-ல் வந்த ‘ஈட் டிரிங்க் மேன் வுமன்’ பாருங்கள். தைபே நகரத்தின் பெரிய சமையல்காரர். மனைவி இல்லை, வளர்ந்த மூன்று பெண்கள். ஞாயிறுதோறும் விதவிதமாகச் சமைத்து அடுக்குகிறார். பேச்சுதான் வரவில்லை. போதாக்குறைக்கு நாக்கில் ருசியும் போய்விட்டது. கடைசியில் ஒருநாள் மகள் வைத்த சூப்பைக் குடித்துவிட்டு, இஞ்சி அதிகம் என்று குறை சொல்கிறார். சொன்ன பிறகுதான் உறைக்கிறது... ருசி தெரிகிறதே!

நான் இந்தப் படத்தைப் பார்த்தபோது அப்பா இல்லை. அந்தப் பேப்பர் குத்தல் இல்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது. வாரம் பூரா யோசித்து அவர் என்னிடம் பேசிய ஒரே வசனம் அது. நான்தான் பல வாரம் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

இன்னைக்கு ராத்திரி உங்கப்பா ‘சாம்பார்ல உப்பு கம்மி’ன்னு முணுமுணுத்தா எரிஞ்சு விழாதீங்க. இன்னொரு கரண்டி ஊத்திட்டு, கொஞ்ச நேரம் பக்கத்துல உட்காருங்க.