'அக்கவுன்ட்' என்று தேடினால் வேலை கிடைக்குமா?

வேலை தேடும் தளத்தில் 'அக்கவுன்ட்' என்று போட்டுப் பாருங்கள். கணக்கு எழுதும் வேலையோடு, வங்கிக் கணக்கு தொடங்க ஆள் பிடிக்கும் வேலை, இன்சூரன்ஸ் விற்கும் வேலை எல்லாம் வந்து வரிசையில் நிற்கும். 'அக்கவுன்ட் மேனேஜர்' என்றிருக்கிறதே என்று ஆசையாகத் திறந்தால், பெரும்பாலும் அது வாடிக்கையாளர்களைக் கவனிக்கும் விற்பனைப் பதவி. பேரேட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

கோவையில் ஒரு பி.காம். பட்டதாரி. பம்ப் செட் தயாரிக்கும் நிறுவனத்தில் 6 வருடம் கணக்குப் பிரிவில் இருந்தவர். 2016-ல் குழந்தை பிறந்ததும் வேலையை விட்டார். பையன் மூன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டான். வீட்டுக் கடனும் வந்துவிட்டது. மதியம் சமையல் முடிந்ததும் போனும் கையுமாக உட்கார்ந்தார். 2 மாதத்தில் 70, 80 இடங்களுக்கு விண்ணப்பித்திருப்பார். வந்த அழைப்பு மூன்றே மூன்று. இரண்டு, 'இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஆகிறீர்களா?' மூன்றாவது, வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி. முதலில் பதிவுக் கட்டணம் கட்ட வேண்டுமாம். (வேலை கொடுக்கிறவர் பணம் கேட்டால் அது வேலையே இல்லை. கட்டி ஏமாந்தவர்கள் தாமதிக்காமல் 1930-க்கு போன் செய்ய வேண்டும்.)

"இனிமே என்னை யாருங்க எடுப்பாங்க? விட்டுடலாம்" என்று கணவரிடம் சொல்லிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தார்.

ஐ.டி.யில் இருக்கும் தம்பிதான் ஒரு வழி சொன்னார்: "அக்கா, ஒரு வாரம் எதுக்கும் அப்ளை பண்ணாத. உனக்கு சரிப்படும்னு தோணுற 10 விளம்பரத்தை மட்டும் படி. திரும்பத் திரும்ப வர்ற வார்த்தைய எழுதி வை."

மளிகை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினார். ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், டி.டி.எஸ்., இ-வே பில், டேலி ப்ரைம். எழுதி முடித்ததும்தான் உறைத்தது. அவர் வேலையை விட்டபோது இருந்தது வாட். ஜி.எஸ்.டி. வந்தது 2017 ஜூலை 1-ல். டேலி ப்ரைம் 2020-ல். நோட்டில் இருந்தவற்றில் டி.டி.எஸ். ஒன்றுதான் அவருக்குப் பழக்கம். அதையும் ரெஸ்யூமேயில் எழுதவில்லை. 'கணக்குகள் அனைத்தும் தெரியும்' என்று மொத்தமாகப் போட்டிருந்தார்.

பழகிய கடைக்காரரிடம் 'அதாங்க, போன வாரம் வாங்கினேனே' என்றால் எடுத்துக் கொடுத்துவிடுவார். தேடும் தளம் பெரும்பாலும் வார்த்தையோடு வார்த்தையைத்தான் பொருத்திப் பார்க்கிறது. நிறுவனமும் அதே வார்த்தைகளைப் போட்டுத்தான் ஆள் தேடுகிறது.

காந்திபுரத்தில் ஒரு பயிற்சி மையத்தில் 2 மாதம் ஜி.எஸ்.டி. படித்தார். படித்ததை மட்டும் ரெஸ்யூமேயில் சேர்த்தார். படிக்காததையும் சேர்த்து வைப்பவர்கள் உண்டு; நேர்முகத்தில் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வார்கள்.

தேடும் முறையையும் மாற்றினார். கூகுளில் தேடும்போது 'அக்கவுன்ட்ஸ் அசிஸ்டென்ட்' என்பதை ஆங்கிலத்தில் இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டார். அப்போதுதான் இரண்டு சொல்லும் சேர்ந்தே வரும் பக்கங்கள் கிடைக்கும். பக்கத்திலேயே ஒரு மைனஸ் குறி, இடைவெளி விடாமல் 'இன்சூரன்ஸ்'. அந்தச் சொல் உள்ள விளம்பரங்கள் ஒதுங்கிக்கொண்டன. லிங்க்ட்இன்னில் மைனஸுக்குப் பதிலாக ஆங்கிலப் பெரிய எழுத்தில் 'நாட்' என்று போட வேண்டும். ஊர் என்ற இடத்தில் கோயம்புத்தூர். கூடவே தேடும் சொல்லாக 'கணபதி', 'பீளமேடு'. கடந்த 7 நாளில் வந்தவை மட்டும் போதும் என்று வடிகட்டினார். மாதக்கணக்கில் தொங்கும் விளம்பரத்தில் பல நேரம் ஆள் எடுத்து முடித்திருப்பார்கள். தமிழக அரசின் தனியார்துறை வேலைவாய்ப்பு இணையதளத்திலும் பதிந்தார். அதற்குக் கட்டணம் இல்லை.

முன்பு 400-க்கு மேல் காட்டிய திரையில் இப்போது 11 வந்தது. பதினொன்றையும் வரி விடாமல் படித்தார். 4 இடத்துக்கு விண்ணப்பித்தார். இரண்டில் கூப்பிட்டார்கள். ஒருவர் 8 வருட இடைவெளியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். இன்னொருவர் ஒரு பில்லை நீட்டி, இதில் வரியைப் பிரித்துக் காட்டுங்கள் என்றார்.

கணபதியில் வால்வு தயாரிக்கும் கம்பெனி. எதிர்பார்த்ததைவிடச் சம்பளம் 2,000 ரூபாய் குறைவுதான். மூன்றரை மணிக்குப் பையனைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவது இப்போது மாமியார்.