தண்ணீர் கடைசியில்தான்

ஆழ்வார்திருநகரிப் பக்கம் ஓடுகிற வண்டியின் பானட்டைத் திறந்தால் அழுக்கிலேயே ஊர் தெரிந்துவிடும். ஆனி, ஆடிக் காற்றென்றால் தேரிக்காட்டுச் செம்மண். ஆறுமுகநேரி, தூத்துக்குடி உப்பளங்களுக்கு லோடு அடித்திருந்தால் உப்பு. 2023 டிசம்பர் வெள்ளத்தில் முங்கி எழுந்த வண்டியில் இன்னமும் ஏதாவது ஒரு மூலையில் தாமிரபரணி வண்டல் ஒட்டிக்கொண்டிருக்கும். “எல்லாத்தையும் ஒரே பைப்ப வச்சு அடிச்சிரலாம்னு நெனைக்கான் பாருங்க, அவனாலதான் எனக்குச் சோறு” என்றார் மெக்கானிக் அண்ணாச்சி.

திருச்செந்தூர் சாலையை ஒட்டி ஒரு வாழைத்தார் வியாபாரியின் வீடு. முற்றத்தில் நிற்கும் பொலிரோ பிக்கப்பின் எஞ்சினை வீட்டிலேயே சுத்தம் செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவர் ஆசை. வாட்டர் சர்வீசில் பிரஷர் பம்பால் அடித்துக் கழுவிய மறுநாள் வண்டி கிளம்பாமல் நின்ற அனுபவம் அவருக்கு உண்டு. அதைக் கற்றுத்தரத்தான் அண்ணாச்சி காலையிலேயே வந்திருந்தார், கூடவே ஒரு பையனும். வேடிக்கை பார்க்க நான்.

முதல் வேலை, உள்ளங்கையை டேப்பட் கவர் மேல் வைத்துப் பார்ப்பது. சூடு இருந்தால் அன்றைக்கு வேலையே கிடையாது. கொதிக்கிற வார்ப்பிரும்பில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடலாம். எண்ணெய் கரைக்கும் திரவத்தின் ஆவி சூடான சைலன்சர் குழாயில் பட்டால் தீப்பிடிக்கவும் செய்யும். அடுத்தது பேட்டரி. 10-ம் நம்பர் ஸ்பேனரால் நெகட்டிவ் வயரை முதலில் கழற்றினார். பாசிட்டிவை முதலில் தொட்டால், ஸ்பேனர் நழுவி பாடியில் இடித்த நொடியில் பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து கசிவது ஹைட்ரஜன் வேறு. பீடியோடு எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரரைத் தெருவுக்கே அனுப்பிவிட்டார்.

டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருந்தது. வெந்நீரில் ஆப்பசோடாவைக் கரைத்து, பழைய பல் பிரஷால் தொட்டு வைத்ததும் ‘சுர்’ரென்று நுரைத்துப் பொங்கியது. நுரை அடங்குகிற வரை பொறுத்தார்; அமிலம் தீர்ந்தால்தான் அது அடங்கும். பேட்டரி மூடிகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்பதை முன்னமே திருகிப் பார்த்திருந்தார். சோடா நீர் உள்ளே போனால் அந்தச் செல்லுக்குக் கேடு.

பிறகு பொட்டலம் கட்டும் படலம். ஜவுளிக்கடைப் பைகளும், மோதிரம் மோதிரமாக வெட்டிய பழைய சைக்கிள் ட்யூபும் எடுத்து வந்திருந்தான் பையன். டைனமோ, ஏர் ஃபில்டர் வாய், ஃப்யூஸ் பாக்ஸ், ஈசிஎம், வயர் கப்ளர்கள் என்று ஒவ்வொன்றுக்கும் பை போட்டு ட்யூப் மாட்டினான். பெட்ரோல் கார் என்றால் இக்னிஷன் காயிலையும் மூட வேண்டும். காலையில் பாதி நேரம் இதற்கே போனது. தொழில் என்பதே இந்த மூடுகிற பொறுமைதான் என்று எனக்குப் பட்டது. தேய்ப்பதை யார் வேண்டுமானாலும் செய்வார்கள்.

எஞ்சினில் இன்னும் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. தார்களுக்கு அண்டைகொடுத்த வாழைச்சருகு கண்ணாடிக்குக் கீழே அடைந்து கிடந்தது. அதற்குள் ஓர் எலிக்கூடு, பக்கத்திலேயே பல் பட்ட வயர். சருகை அள்ளிவிட்டு, பெயின்ட் பிரஷால் செம்மண்ணைக் காய்ந்தபடியே தட்டிவிட்டார். நனைந்தால் அது குழம்பாகி ரேடியேட்டர் இதழ்களுக்கு நடுவே இறங்கி, காய்ந்து அடைத்துக்கொள்ளும்.

எண்ணெய்ப் பிசுக்குக்கு மண்ணெண்ணெயோ டீசலோ அடிப்பது பல இடங்களில் வழக்கம். அண்ணாச்சிக்கு அது ஆகாது. ரப்பர் ஹோஸும் பெல்ட்டும் ஊதிப் போகும், மிஞ்சிய படலத்தில் மறுநாளே தூசி ஒட்டும் என்றார். தண்ணீர் கலந்த டீகிரீசரைத் தடவி, ஐந்து நிமிடம் ஊறவைத்து, காய்வதற்குள் பிரஷால் தேய்த்து ஈரத்துணியால் துடைத்தார். கீழ்ப்பகுதிக்கு மட்டும் செம்பில் மெல்ல ஊற்றினார். வண்டிக்கு அடியில் தேங்காய் நார்க்கழிவைப் பரப்பியிருந்ததால் கறுப்பு நீர் ஓடைக்குப் போகவில்லை. ஓடை ஆற்றில் விழுகிறது; தூத்துக்குடி குடிப்பது அந்த ஆற்றைத்தான்.

உப்பு விஷயம் தனி. அதற்கு டீகிரீசர் தேவையில்லை, நல்ல தண்ணீரே கரைத்துவிடும். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புப் படலம் தானே ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும். அதனால்தான் உப்பளத்துக்குப் போய்வந்த வண்டி சும்மா நிற்கும்போதும் துருப்பிடிக்கிறது. பேட்டரித் தட்டு, எர்த் போல்ட், ரேடியேட்டர் தாங்கி எல்லாவற்றையும் துணியை அலசி அலசித் துடைத்தார். “போர் தண்ணி வேண்டாம் தம்பி. கடக்கர ஊருல அதுவே உப்புதான். ஆத்துத் தண்ணி வருத பைப்புல புடி.”

வெள்ளத்தைப் பற்றிக் கேட்டேன். 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு சிக்கி நின்றது. தண்ணீர் வடிந்ததும் ஊர் ஊராக ஆட்கள் செய்த முதல் காரியம், வண்டி ஓடுகிறதா என்று சாவியைத் திருகிப் பார்த்ததுதான். சிலிண்டருக்குள் காற்று இருந்தால் பிஸ்டன் அமுக்கும். தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும். “சாவியத் தொடாதியன்னு தெருவுல நின்னு கத்துனேன். யாரு கேக்கா?” இன்ஜெக்டரைக் கழற்றி, கையால் எஞ்சினைச் சுற்றித் தண்ணீரை வெளியேற்றி, பால் விட்ட டீயாய் வெளுத்திருந்த ஆயிலை மாற்றிய வண்டிகள் பிழைத்தன. திருகிய வண்டிகளுக்கு எஞ்சினையே பிரிக்க வேண்டியதாயிற்று. சாதாரண இன்சூரன்ஸில் அந்தச் செலவு பெரும்பாலும் கிடைக்காது, எஞ்சினுக்கென்று தனிப் பாதுகாப்பு எடுத்திருக்க வேண்டும்.

வெயிலில் பானட் திறந்தே கிடந்தது. பைகளைக் கழற்றி, கப்ளர்களுக்குக் காற்றடித்து, நெகட்டிவை எல்லாவற்றுக்கும் கடைசியாக மாட்டி, டெர்மினல்களில் வாசலின் தடவினார். வண்டி ஒரே திருகலில் கிளம்பியது. வியாபாரி முகத்தில் சிரிப்பு. அண்ணாச்சி சிரிக்கவில்லை, டார்ச்சோடு குனிந்து பத்து நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தார். டேப்பட் கவரின் பின் ஓரத்தில் ஒரு கீற்று ஆயில் புதிதாக மினுங்கியது. அழுக்கு இருந்தவரை அது யார் கண்ணுக்கும் பட்டிருக்காது.

“இதுக்குத்தான் கழுவுதது. பளபளப்புக்கா கழுவுதோம்?”

“போல்ட்ட இன்னும் ரெண்டு சுத்து இறுக்கிட்டா போதாதா அண்ணாச்சி?”

“கவரு வளைஞ்சு இன்னும் சாஸ்தி ஒழுவும். பேக்கிங் கட்டிப்போச்சு, மாத்தணும். ஏலே, பைக்க எடுத்துட்டு ஸ்ரீவைகுண்டம் போ. கடையில வண்டி மாடல சொல்லி வாங்கு, பழசத் தந்தா திருப்பிக் குடுத்துரு.”