சீட்டுப் போடுகிற கை

ரம்மியில் 13 சீட்டும் கைக்கு வந்து சேர்ந்த பிறகு நடந்ததை விடிய விடியப் பேசுவார்கள். ஜோக்கர் வந்தது, ஒரிஜினல் சேரவில்லை, கடைசி நேரத்தில் 80 விழுந்தது என்று. அந்தச் சீட்டு கைக்கு வந்த விதத்தைப் பற்றிப் பேச்சே எழாது. எனக்கோ ஆட்டத்தைவிட அதன் மேல்தான் ஆசை விழுந்தது. காரணம் சின்ன அத்தை.

எங்கள் குடும்பத்துக் கல்யாணங்களில் முதல் நாள் ராத்திரி பந்தி முடிந்ததும் மாடியில் ஜமக்காளம் விரியும். அத்தை போட்டால் ஆறு பேருக்கும் சீட்டு அவரவர் முழங்காலுக்கு முன்னால் ஒரே அடுக்காக விழும். ஒன்றுகூடப் புரளாது. பெரிய வேகமெல்லாம் இல்லை, சீராக இருக்கும், அவ்வளவுதான். அவர் போடும்போது யாரும் அவர் கையைப் பார்ப்பதில்லை, ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார்கள். கூட்டத்தில் இன்னொருவர் மின்னல் வேகத்தில் போடுவார். அவர் போடும்போது எல்லோர் கண்ணும் அவர் விரலிலேயே இருக்கும். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் அத்தை பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“கையத் தாழ்த்துடா. அடிச்சீட்டு யார் கண்ணுலயும் படக் கூடாது” என்பதுதான் முதல் பாடம். கட்டு இடது உள்ளங்கையில் இருக்க வேண்டும். ஆள்காட்டி விரல் முன்பக்கம், மற்ற மூன்று விரல்களும் நீள ஓரத்தில், கட்டைவிரல் மேலே. கட்டைவிரல் மேல்சீட்டை ஒரு நூல் அளவு தள்ளித் தரும். வலது கை அதைப் பிடுங்கக் கூடாது, வாங்கிக்கொண்டு மணிக்கட்டின் சின்ன அசைவில் விட வேண்டும். சீட்டு தரையை ஒட்டியே போக வேண்டும். கொஞ்சம் எழும்பினாலும் தாழ்வாகச் சாய்ந்து உட்கார்ந்திருப்பவருக்கு அதன் முகம் தெரிந்துவிடும். போக்கர் மேசைகளில் இதற்கென்றே கட்டின் அடியில் ஒரு பிளாஸ்டிக் சீட்டு வைக்கிறார்கள். அத்தையோ புதுக் கட்டோடு வரும் விளம்பரச் சீட்டை அடியில் சொருகிக்கொள்வார்.

தரையும் ஒரு பாடம். ஜமக்காளத்தில் சீட்டு வழுக்காது, விழுந்த இடத்தில் நிற்கும். அதனால் சரியான இடத்தில் இறக்கப் பழக வேண்டும். மொசைக் தரையில் அது ஓடிப்போய் எதிராளியின் தொடையில் முட்டிப் புரளும். அங்கே பாதி விசை போதும். மழைக்காலத்தில் காகிதச் சீட்டு ஈரம் குடித்து இரண்டிரண்டாக ஒட்டும். அப்போது பவுடர் தடவித் துடைத்துவிட்டுத்தான் கட்டைத் தொடுவோம்.

கலைப்பதில்தான் நம் வீடுகள் மெத்தனமாக இருக்கின்றன என்பது என் எண்ணம். ரம்மியில் ஆட்டம் முடிந்தால் சீட்டெல்லாம் வரிசையும் ஜோடியுமாகச் சேர்ந்தே கீழே வருகிறது. அதை அள்ளி, கட்டுக்கட்டாக மேலும் கீழும் மாற்றி நாலு குலுக்குக் குலுக்கினால் அந்தக் கொத்துகள் கலையவே கலையாது, இடம்தான் மாறும். டேவ் பேயர், பெர்சி டயகோனிஸ் என்ற இரண்டு கணிதப் பேராசிரியர்கள் 1992இல் சீட்டுக் கலைப்பதை ஆராய்ந்து எழுதினார்கள். கட்டை இரண்டாகப் பிரித்து, ஓரங்களைக் கட்டைவிரலால் விட்டு ஒன்றுக்குள் ஒன்று நுழையவிடும் முறையில் 52 சீட்டு நன்றாகக் கலைய ஏறக்குறைய ஏழு தடவை வேண்டும். நாம் வழக்கமாகக் குலுக்கும் முறையில் அதே அளவு கலைய ஆயிரக்கணக்கான தடவை ஆகும். ரம்மிக்கு இரண்டு கட்டு, அதோடு ஜோக்கர்களும். ஏழும் போதாது. “இன்னிக்கு எனக்குக் கையே வரல” என்று அலுத்துக்கொள்பவரின் குறையில் கலைத்தவருக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

அதனால்தான் அத்தை ஒவ்வொன்றாகப் போடுவதில் பிடிவாதமாக இருப்பார். ஆறு பேருக்கு 78 சீட்டு. நேரமாகிறது என்று மும்மூன்றாக எறியச் சொல்லிப் பக்கத்தில் முணுமுணுப்பு எழும். அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். ஒட்டிக்கொண்டு வந்த ஸ்பேடு ஐந்து, ஆறு, ஏழு ஒவ்வொன்றாகப் போட்டால் மூன்று பேருக்குப் பிரிந்து போகும், மும்மூன்றாக எறிந்தால் ஒருவர் மடியிலேயே விழும். சுற்றிப் போடுவதும் ஒரு கலைப்புத்தான். எல்லா ஆட்டத்துக்கும் இது விதி இல்லை. இலங்கைத் தமிழர் ஆடும் 304இல் நாலு நாலாகவே போடுவார்கள். முதல் நாலைப் பார்த்துக் கேள்வி கேட்பதுதான் அங்கே ஆட்டமே.

பிற்பாடு நண்பர் வீட்டில் போக்கர் ஆடப் போனபோது இந்தப் பழக்கம் கை கொடுத்தது. ஆளுக்கு இரண்டே சீட்டு, ஒவ்வொன்றாக. நடுவில் மூன்று, பிறகு ஒன்று, பிறகு ஒன்று என்று திறப்பதற்கு முன் ஒவ்வொரு தடவையும் மேல்சீட்டைக் கவிழ்த்தபடியே ஒதுக்கிவிட வேண்டும். மேல்சீட்டின் முதுகில் ஏதாவது அடையாளம் இருந்து, அதை ஒருவர் கண்டுகொண்டாலும் அவருக்குப் பலன் கிடைக்காமல் போகும். போடும்போது ஒரு சீட்டு முகம் காட்டிவிட்டால் அதற்கும் வழி இருக்கிறது. முதல் இரண்டு சீட்டில் நடந்தால் மறுபடி கலைக்க வேண்டும். பிறகு நடந்தால் மாற்றுச் சீட்டு கொடுத்துவிட்டு, தெரிந்துபோனதை அந்த ஒதுக்குச் சீட்டாக வைப்பது வழக்கம்.

வீட்டு ஆட்டத்தில் போடுகிறவரும் ஆடுகிறவர்தான். ஜெயிக்க ஆசைப்படும் கையிலேயே எல்லோருடைய சீட்டும் இருக்கிறது. அதனால் வெட்டக் கொடுக்காமல் போடத் தொடங்குவது எனக்குப் பிடிக்காது. “அட, உன்மேல நம்பிக்கை இல்லாமலா, போடுப்பா” என்று தட்டிக் கொடுப்பார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனாலும் பக்கத்தில் இருப்பவரிடம் கட்டை நீட்டி, அவர் ஒரு சீட்டளவாவது வெட்டிய பிறகே போடுவேன். அடுத்த நிமிஷம் எனக்கே மூன்று ஜோக்கர் வந்தாலும் ஒருவரும் ஒரு பார்வை பார்க்க வேண்டியிருக்காது.

இப்போது தங்கை மகள் என்னிடம் பழகுகிறாள். பிடி நன்றாக வந்துவிட்டது. இடப்பக்கமும் நேரெதிரிலும் சீட்டு சுத்தமாகப் போய் விழுகிறது. வலப்பக்கத்துக்கு மட்டும் மணிக்கட்டை வெளிப்புறமாகத் திருப்ப வேண்டியிருப்பதால் சீட்டு நிமிர்ந்து முகம் காட்டுகிறது. “மாமா, நான் அந்தப் பக்கம் திரும்பி உக்காந்துக்கவா?” என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லி, வலப்பக்கம் ஒரு தலையணையை வைத்து, அதன் முன்னால் மட்டும் 13 சீட்டு போடச் சொல்லியிருக்கிறேன்.