எல்லோருக்கும் ஒரே விதி

கண்ணுகளா, "தொழில் வேண்டுமா, ஆறு வேண்டுமா?" என்று உங்களை யாராவது கேட்டால், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாதீர்கள். அதைக் கேட்பவருக்கு அதில் என்ன லாபம் என்று பாருங்கள். திருப்பூர் எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம் இது.

பாசனத்துக்காக 1992-இல் திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணையைக் கட்டினார்கள். அதில் வந்து தேங்கியது திருப்பூர்ப் பட்டறைகளின் சாயக்கழிவு. கீழே இருந்த கிணறுகள் உப்பாயின, வெள்ளாமை கருகியது. பனியன் ஏற்றுமதியில் வந்த வரவு ஒரு பக்கம் சேர, அதன் செலவை ஆற்றோரத்து விவசாயி சுமந்தார்.

சாயப்பட்டறைக்காரர்கள் எல்லோரும் கெட்டவர்கள் அல்ல. தண்ணீரைச் சுத்தம் செய்தால் ஒரு கிலோ துணிக்குச் சாயக்கூலி கூடும். இரவில் கழிவைத் திறந்துவிடும் பக்கத்துப் பட்டறை குறைந்த கூலிக்குச் சாயம் போட்டுத் தரும், ஆர்டரும் அங்கே போகும். நேர்மையானவன் நஷ்டப்படும் சந்தையில் மனசாட்சியை மட்டும் நம்பி ஆற்றைக் காப்பாற்ற முடியாது. விதி எல்லோரையும் ஒன்றாகக் கட்ட வேண்டும்.

அந்த விதி தானாக வரவில்லை. ஆயக்கட்டு விவசாயிகள் வழக்காடினார்கள். ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக் கூடாது என்று 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. உச்ச நீதிமன்றம் 2009-இல் அதை உறுதி செய்தது. அப்போதும் கெடு தள்ளிக்கொண்டே போனது. கடைசியில் 2011 ஜனவரியில், 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. அன்று வேலை இழந்தவர்களில் பலர் பிழைப்புத் தேடி வந்த கூலித் தொழிலாளிகள். கழிவை ஆற்றில் விட முடிவு செய்தவர்கள் அவர்கள் அல்ல. நல்ல விதியைத் தள்ளிப்போட்டால் அதன் அடி எளியவர் மேல்தான் விழும். மாற்றம் வருகிறது என்று தெரிந்த நாளிலேயே தொழிலாளிக்கான ஏற்பாட்டைத் தொடங்கிவிட வேண்டும்.

மூடச் சொன்னதோடு காரியம் முடியவில்லை. சுத்திகரிப்புக்குத் தமிழக அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சீராகின. ஆர்.ஓ. முறையில் பிரித்த தண்ணீரும் மீட்ட உப்பும் திரும்பச் சாயத்தொட்டிக்கே போகத் தொடங்கின. கண்டிப்பும் கைகொடுத்தலும் சேர்ந்தபோதுதான் இது நடந்தது.

ஆனாலும் வேலை மிச்சமிருக்கிறது. ஆர்.ஓ.-வில் மிஞ்சும் கழிவுநீரை ஆவியாக்க நிறைய எரிபொருளும் மின்சாரமும் வேண்டும். கலவை உப்பும் கசடும் குவிகின்றன. தண்ணீரைக் காக்கப் போய்க் காற்றைக் கெடுத்துவிடக் கூடாது. அதற்குக் காற்றாலையும் சூரிய மின்சாரமும் துணை வர வேண்டும்.

நாளை நீங்கள் அதிகாரி ஆகலாம், முதலாளி ஆகலாம், சங்கத் தலைவரும் ஆகலாம். எந்தப் பசுமைத் திட்டம் மேசைக்கு வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: செலவு யார் தலையில்? ஏமாற்றுபவனைப் பிடிக்க யார் இருக்கிறார்? வேலை இழப்பவருக்கு என்ன வழி? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்கிய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.