சேலா கணவாயில் இரண்டு குரல்கள்

அருணாசலப் பிரதேசத்தில் தவாங் போகிறவர்களுக்கு 2024ல் சுரங்கப்பாதை திறந்துவிட்டது. ஆனால் பூங்குருவியின் கதை தெரிய பழைய சாலையில்தான் ஏற வேண்டும். சுமார் 13,700 அடி உயரத்தில் சேலா கணவாய்: பாறை, புல், குட்டைப் புதர், மரம் கிடையாது. கீழே இறங்கினால் ஊசியிலைக் காடு.

இரண்டு இடத்திலும் வாழ்வது ஒரே இனம் என்றுதான் பறவை நூல்கள் சொல்லிவந்தன. பழுப்பு முதுகு, புள்ளி விழுந்த மார்பு. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. 2009ல் இங்கு வந்த ஸ்வீடன் விஞ்ஞானி ஆல்ஸ்ட்ரோமும் இந்தியரான சஷாங்க் தல்வியும் காதை நம்பினார்கள். மேலே பாடியது கரகரத்தது. காட்டில் பாடியது இனித்தது. அருங்காட்சியகங்களில் பாடம் செய்து வைத்த பறவைகளையும் மரபணுவையும் ஒப்பிட்ட பிறகு, இவை வெவ்வேறு இனங்கள் என்பது உறுதியானது. 2016ல் காட்டுப் பறவைக்கு சாலிம் அலியின் நினைவாக ‘ஜூதெரா சாலிமாலியை’ என்று பெயரிட்டார்கள்.

பெயரைப் பிரித்து என்ன லாபம்? இந்தக் காடுகள் முன்பே அழிந்திருந்தால், பாறையில் பாடுவதைக் காட்டி ‘இனம் நலம்’ என்று எழுதியிருப்போம். இழந்தது என்னவென்றுகூடத் தெரிந்திருக்காது.