பிளவக்கல் பூங்காவுக்குப் புது ஊஞ்சல்



வத்திராயிருப்பு பக்கம் வளர்ந்தவர்களுக்குப் பிளவக்கல் பெரியாறு அணையைச் சொல்லித் தரவேண்டியதில்லை. 47 அடிக்குத் தண்ணீர் நிற்கும் அணை, பின்னால் மலை, கீழே பூங்கா. அங்கே சறுக்குக்காகச் சண்டை போட்டவர்கள் இப்போது பிள்ளைகளோடு போய்விட்டு, "சார், எல்லாம் துருப்பிடிச்சுக் கிடக்கு, புதுசு போடணும்" என்கிறீர்கள்.

போட வேண்டியதுதான். ஆனால் அது மட்டும் போதாது.

வகுப்பில் படித்தது ஞாபகம் இருக்கிறதா? இரும்பு துருப்பிடிக்க நீரும் காற்றும் சேர வேண்டும். ஊஞ்சல் கால் மண்ணில் இறங்கும் இடத்தில் இரண்டும் உண்டு. மேலே பெயின்ட் பளபளக்கும், அடியில் அரித்துக்கொண்டிருக்கும். மாதம் ஒருமுறை அடியைச் சுரண்டிப் பார்க்கவும், தேய்ந்த கொக்கியை அன்றே மாற்றவும் ஒரு ஆள் வேண்டும்.

அடுத்தது தரை. விளையாடும் இடத்தில் பிள்ளைகளுக்குப் படும் காயம் பெரும்பாலும் கீழே விழுவதால்தான். ஊஞ்சலுக்கும் சறுக்குக்கும் அடியில் சிமென்ட் வேண்டாம். முக்கால் அடிக்காவது மணல் கொட்டி, இறுகாமல் கிளறிவிட வேண்டும். தகரச் சறுக்கு என்றால் மர நிழலில் வையுங்கள். நம்மூர் சித்திரை வெயிலில் தொடை வெந்துபோகும்.

உங்களில் இன்ஜினியர்கள் இருக்கிறீர்கள், உள்ளாட்சியில் இருப்பவர்களும் உண்டு. மனு எழுதும்போது சாமான் விலையோடு வருஷப் பராமரிப்புச் செலவையும் சேர்த்துக் கேளுங்கள். எழுதி எனக்கு அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன். பழைய பழக்கம், இன்னும் விடவில்லை.